இடது பக்கத்துச் சீட்டு

இந்தாங்க தம்பி, சாவி. நீங்களே ஓட்டிப் பாருங்க. வண்டி பாக்க வந்தவங்க கையில சாவியைக் குடுக்காம, சுத்திச் சுத்தி வந்து பெயின்ட்டைக் காமிக்கற ஆளு நான் இல்லீங்க. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். பாருங்க, வாங்கி ஏழு மாசமாச்சு, இந்தச் சீட்டுல நான் உக்காந்ததே இல்லை. நம்ம வண்டியில நாம எதுக்குங்க இந்தப் பக்கம் உக்காரணும்? பெல்ட்டு எங்க இருக்குது... ஆங், இருக்குது.

கிளட்ச்சை முழுசா அமுக்குங்க. கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும், இது சாதாக் கார் இல்லை பாருங்க. முதல் கியர் போட்டுக் காலை எடுக்கறப்ப ஒரு குதி குதிக்கும், பயந்துக்காதீங்க. அது வண்டியோட குணம். ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான், ரேஸ் குதிரை சும்மா நிக்குமா? ... நகந்துருச்சா? ம். வாசல்ல இறக்கம், அதனால குதிக்கலை போல. கேட்டைத் தாண்டி வலது பக்கம் திருப்புங்க. தொண்டாமுத்தூர் ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

எதுக்கு விக்கறீங்கன்னு வாசல்லயே கேட்டீங்க. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் மொதல்ல கேக்கறாங்க, இன்ஜின்ல ஏதோ கோளாறுன்னு நெனைச்சுட்டு. இன்ஜின் தங்கமுங்க. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது, உண்மையைச் சொல்லிடறேன். இதுல இருக்கறதே ரெண்டு சீட்டு. ஒண்ணுல நான். இன்னொண்ணுல உக்கார என்ற சம்சாரம் மாட்டேங்கறா. மூணு மாசமா ஏறவே மாட்டேங்கறா. கல்யாணமாகி முப்பத்தியொரு வருசமாச்சுங்க, நான் சொன்ன எதுக்கும் மாட்டேன்னு சொன்னவ இல்லை. இதுக்கு மட்டும் மாட்டேங்கறா. மேல தொறந்த வண்டி. அதுல ஒத்தையில போனா பாக்கறவன் என்ன நெனைப்பான்? பொண்டாட்டி வுட்டுட்டுப் போயிட்டாளோன்னுதான நெனைப்பான்? அதுக்குத்தான் விக்கறேன். வேற ஒண்ணும் இல்லீங்க.

ரெண்டாவது போடுங்க. ... போட்டாச்சா? சத்தமே கேக்கலை. அப்படி மெதுவாப் போடக் கூடாதுங்க தம்பி, விழுந்துச்சா இல்லையான்னு சந்தேகமாவே இருக்கும். நல்லா அழுத்தி, 'டக்'குன்னு போடணும். வண்டிக்கு யார் முதலாளின்னு தெரியணுமில்ல?

என்னைப் பத்திக் கேட்டுட்டு வந்திருப்பீங்க. சென்னியப்பன், வெட் கிரைண்டர். வடவள்ளியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஒரே ஒரு பொண்ணு, நித்யகலா. அவ கல்யாணத்துக்காகத்தான் இந்த வண்டியே வாங்குனது. பையன் கிடையாது. அது ஒரு குறைன்னு நான் நெனைச்சதே இல்லீங்க, ஊர்க்காரன் ஞாபகப்படுத்தற வரைக்கும்.

கல்யாணத்தை உறுதி பண்ணி உப்புச் சக்கரை மாத்தற அன்னைக்கு நடந்தது. மாப்பிள்ளை வீடு கோபி. பையன் நவநீதன், எலும்பு டாக்டரு. தாம்பாளம் மாத்தியாச்சு, எல்லாரும் இலையில உக்காந்தாச்சு. அப்ப என்ற பங்காளி மாரப்பன், பந்தி நடுவுல, அம்பது பேர் கேக்கற மாதிரி சொல்றான்: "அண்ணா, மாப்பிள்ளை அழைப்புக்கு மச்சான் வேணுமில்ல? நீங்க கவலையே பட வேண்டாம். நம்ம பையன் தினேசை அனுப்பறேன். கோயில்ல மாலை போட்டு, கார்ல உக்கார வெச்சு, ஜம்முனு கூட்டிட்டு வந்துருவான்."

உதவி பண்றானாமா! எனக்கு அப்படியே சுருக்குனு ஆயிருச்சுங்க. நம்ம பக்கம் பொண்ணோட பொறந்தவன்தான் கோயிலுக்குப் போயி மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வரோணும், அது மொறை. இல்லாத எடத்துல பங்காளி பையன் வர்றதும் மொறைதான். ஆனா அந்தத் தினேசு, எனக்குன்னு ஒரு பையன் இருந்தா அவன் உக்கார வேண்டிய எடத்துல உக்காந்து கையாட்டிட்டு வருவான், நான் மண்டப வாசல்ல நின்னு பாக்கோணுமா? "வேண்டாம் மாரப்பா. மாப்பிள்ளையை நானே ஓட்டிட்டு வர்றேன்"னுட்டேன். சொன்னதுக்கப்பறம்தான் ரோசனை பண்ணேன், எதுல ஓட்டிட்டு வர்றதுன்னு.

அன்னைக்கு ராத்திரி நித்யா சொல்லுச்சுங்க, "அப்பா, நான் வேணா போயிக் கூட்டிட்டு வரட்டுமா? கம்பெனி வேனே ஓட்டறனே, ஒரு காரு ஓட்ட மாட்டனா?"ன்னு. சிரிச்சு சிரிச்சு எனக்குப் புரையேறிருச்சு. கல்யாணப் பொண்ணு போயி மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வர்றதா! அது நல்லாத்தான் ஓட்டும். அதுக்காக?

பஸ்ஸு முன்னால போகுது, தாண்டிருங்க. தாண்டுங்க தம்பி, இதுல போயி பஸ்ஸுக்குப் பின்னால போனா நம்ம மானம் என்ன ஆகறது? ... ஆங், அப்படி.

இந்த வண்டி வேற ஒரு டாக்டர் பையன் வெச்சிருந்தது. வெளிநாடு போறான்னு வித்தான். சிவப்பு, மேல தொறந்தது, ஆறு கியரு. பாத்த உடனே இதுதான்னு முடிவு பண்ணிட்டேன். ஒரே ஒரு சிக்கல். பத்து வருசமா நான் ஆட்டோமேட்டிக் ஓட்டறவனுங்க. இடது கால் ரிட்டயர் ஆயிருச்சு. மாரப்பன் கேட்டான், "அண்ணா, இதுல கையால கியர் மாத்தணுமே, உங்களுக்கு ஆகுமா?" அந்தக் கேள்விக்காகவே அட்வான்ஸைக் குடுத்துட்டு வந்தேன்.

கத்துக்குடுக்க ஆளு வெச்சேன். ஆல்பர்ட்டுன்னு ஒருத்தரு, ரேஸ் வண்டிக்கெல்லாம் மெக்கானிக்கா இருந்தவரு. மொத நாள் பக்கத்துல உக்காந்துட்டு சொல்றாரு, "சார், காதைத் தொறந்து வெய்யுங்க. மாத்தச் சொல்லி இன்ஜினே கேக்கும். கிளட்ச்சுல இருந்து கால் எந்திரிக்கறதும் ஆக்ஸிலேட்டர்ல கால் எறங்கறதும் ஒண்ணுக்கொண்ணு தெரிஞ்சு நடக்கணும். நீங்க ரெண்டையும் சண்டைக்கு வுடறீங்க." நாப்பது வருசமா மெசின் பண்றவன் நானு, எனக்கு மெசினைக் கேக்கச் சொல்லிக் குடுக்கறாரு! மூணு நாள் வந்தாரு. நாலாம் நாள் போன் பண்ணி, முதுகு வலி, எந்திரிக்க முடியலைன்னுட்டாரு. ஆட மாட்டாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்! ரேஸ்காரருக்கு முதுகு வலியாமா.

ஆனா போறப்ப ஒரு நல்ல ரோசனை சொல்லிட்டுத்தான் போனாரு. "சார், பக்கத்துச் சீட்டுல ஒருத்தரைச் சொம்பு நெறையத் தண்ணியோட உக்கார வெய்யுங்க. ஒரு சொட்டுச் சிந்தாம நீங்க என்னைக்கு நாலு கியரும் மாத்தறீங்களோ, அன்னைக்குக் கத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம்." இது எனக்குப் புடிச்சிருந்தது. அளவு இருக்குது பாருங்க. கிரைண்டரைக்கூட நாங்க அப்படித்தான் சோதிப்போம், மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு ஓட்டிப் பாப்போம். ஆடுதா ஆடலையான்னு டம்ளரே சொல்லிரும்.

வேற யாரு உக்காருவா? சுலோச்சனாதான். என்ற சம்சாரம். காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு, குளிச்சு, பித்தளைச் சொம்புல தண்ணி புடிச்சுட்டு வந்து உக்காந்துக்குவா. நாங்க ரெண்டு பேரும் இந்த ரோட்டுலதான் வருவோம். மொத வாரம், பாவம், தெனமும் நனைஞ்சா. முதல் கியருக்கு மடியில கொட்டும். ரெண்டாவதுக்கு நெஞ்சுல கொட்டும். மூணாவது போடறப்ப சொம்புல தண்ணியே இருக்காது. ரோட்டோரம் நிறுத்தி மறுபடி நெறைக்கறதுக்குன்னு பின்னால ஒரு கேன் வெச்சிருந்தோமுங்க. நான் சொல்லுவேன், "சுலோ, நீ சொம்பைச் சரியாப் புடிக்கலை கண்ணு. புடிக்கறதுலதான் இருக்குது." அவ மறுநாள் மடியில ஒரு துண்டைப் போட்டுட்டு வருவா.

ரெண்டாவது வாரம் பாதிதான் கொட்டுச்சு. மூணாவது வாரம் பாத்தீங்கன்னா, தம்பி, ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு! அதுக்கடுத்த நாள் அதுவும் இல்லை. எனக்கு ஒரே சந்தோசம். வண்டியை நிறுத்தி, நெறஞ்ச சொம்போட அவளை ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்புல போட்டேன். நாப்பத்திரண்டு பேரு கைதட்டல் போட்டாங்க. மாரப்பன் போடலை. கம்பெனியில அத்தனை பேருக்கும் மைசூர்பாக்கு.

எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்களா? பழக்கந்தானுங்க. கையும் காலும் தானா வேலை செய்ய ஆரம்பிச்சிரும். அவளுக்கே ஆச்சரியம். ஒரு நாள் சொம்பை லேசா முன்னால நீட்டிட்டுச் சொல்றா, "இப்ப ரெண்டாவது போடப் போறீங்க"ன்னு. நான் ஸ்டியரிங்ல இருந்து கையைக்கூட எடுக்கலை. "எப்படித் தெரியும்?"ங்கறேன். "மாத்தறதுக்கு முன்னாடி உங்க தாடை இறுகுமுங்க. முப்பத்தியொரு வருசமா பாக்கறனே, தெரியாதா?"ன்னா. அதுக்கப்பறம் கவனிச்சுப் பாத்தேன். நான் கியரைத் தொடறதுக்கு முன்னாடியே அவ சொம்பைக் கொஞ்சம் தூக்கிக்குவா, முன்னால சாய்ச்சு, மறுபடி பின்னால வாங்கி, அப்படியே மடிக்குக் கொண்டாந்துருவா. தவில்காரன் தாளம் போடற மாதிரி ஒரு ஒழுங்கு. எதுக்கு கண்ணு கையை ஆட்டறேன்னு கேட்டா, "மரத்துப் போகுதுங்க"ன்னா. சரி, வயசாகுதில்ல.

இங்க ஒரு வேகத்தடை வரும், பாத்து. ... வந்துருச்சா? தாண்டிட்டமா? அதை எடுத்துட்டாங்க போல இருக்குது.

அந்தச் சமயத்துலதான் அவளுக்குக் கழுத்து வலி வந்தது. தலையைத் திருப்ப முடியலை. நம்ம வீட்டுலயே எலும்பு டாக்டரு வரப் போறாரு, வேற யார்கிட்டப் போறது? மாப்பிள்ளைகிட்டயே கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, "அத்தை, நீங்க போன வண்டியைப் பின்னாடி இருந்து யாராச்சும் இடிச்சாங்களா?"ன்னு கேட்டாரு. இவ என்னையும் பாக்காம அவரையும் பாக்காம, "இல்லீங்க மாப்பிள்ளை, பாத்ரூம்ல வழுக்கிட்டேன்"னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு! பாருங்க, பாத்ரூம்ல விழுந்திருக்கா, வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலை. நான் வருத்தப்படுவேன்னு. மாப்பிள்ளை கழுத்துக்கு ஒரு பட்டை மாட்டி விட்டாரு. நான் அன்னைக்கே ஆளைக் கூப்பிட்டு மூணு பாத்ரூமுலயும் டைல்ஸைப் பேத்துட்டு, சொரசொரன்னு புது டைல்ஸ் போட்டுட்டேன். சம்சாரத்துக்கு ஒண்ணுன்னா நான் ஒரு நாள் தாமசிக்க மாட்டேனுங்க.

பட்டை மாட்டிட்டும் காலையில சொம்போட வந்துருவா. வேண்டாம் கண்ணுன்னு நானும் சொன்னேன். "கல்யாணம் வரைக்குந்தானுங்களே. பையன் இல்லாத குறை தெரியாம நீங்க போயிட்டு வந்தாப் போதும்"னா. அவ மனசு அப்படி. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, நெசமாவே.

கல்யாண நாளும் வந்துச்சு. சாயங்காலம் அழைப்பு. பேரூர்ப் பக்கம் ஒரு பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபத்துக்கு ஒண்ணரைக் கிலோமீட்டர். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, தலைப்பா கட்டி, இந்த, நான் இப்ப உக்காந்திருக்கற சீட்டுல உக்கார வெச்சேன். சுத்தி ஐந்நூறு பேரு. மாரப்பன் வாயைப் பொளந்துட்டு நின்னான். எனக்குப் பொறக்காத பையனே எனக்குள்ள வந்து உக்காந்துட்ட மாதிரி இருந்துச்சுங்க தம்பி. அந்த ஒரு நிமிசத்துக்காகவே இந்த வண்டி வாங்குனது தகும்.

அப்பறந்தான் கூத்து. நான் ரெண்டு மாசமா கத்துக்கிட்டது என்ன? ஒண்ணுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து மூணு, மூணுல இருந்து நாலு. வெறிச்சோடிக் கெடக்கற ரோட்டுல, எம்பதுல, தொண்ணூறுல. மாப்பிள்ளை அழைப்புல என்ன நடக்குது? முன்னால நாயனம், தவிலு. அதுக்கு முன்னால ஜமாப்பு மேளம். அதுக்கு முன்னால எவனோ நாலு பேரு ஆட்டம். எல்லாரும் நடக்கறாங்களா நிக்கறாங்களான்னே தெரியலை! முதல் கியரைத் தாண்ட வழியே இல்லை. ரெண்டு அடி போகணும், நிக்கணும். ரெண்டு அடி போகணும், நிக்கணும். நான் கத்துக்கிட்ட வித்தையைக் காமிக்க ஒரு எடம் குடுக்கலீங்க.

அந்த நாயனக்காரங்களாலதான் எல்லாம். வண்டி ஒவ்வொருக்காவும் குதிக்குது, மாப்பிள்ளை தலை முன்னால போயிப் பின்னால வருது. கூட்டத்துக்கு என்ன தெரியும்? தவிலுக்குத் தலையாட்டறாருன்னு நெனைச்சுக்கிட்டாங்க. எங்க பெரியத்தை சொல்லுது, "டாக்டருன்னாலும் எத்தனை தாள ஞானம் பாரு!" தவில்காரரு குசியாகி இன்னும் ஓங்கி அடிக்கறாரு. வீடியோவுல பாக்கோணுமே நீங்க, ஒண்ணரைக் கிலோமீட்டரும் மாப்பிள்ளை தலையாட்டிட்டே வர்றாரு. தலைப்பா மூணு தடவை கீழ வுழுந்துச்சு. அஞ்சு தடவை இன்ஜின் ஆப் ஆயிருச்சு. பாதி வழியில கிளட்ச்சுல இருந்து பொகை. அதைச் சாம்பிராணின்னு நெனைச்சு ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டுச்சுங்க.

மண்டப வாசல்ல ஆரத்தியோட மூணு பொம்பளைங்க. அவங்க அத்தனை கிட்டத்துல நிக்கலாமுங்களா? வண்டி ஒரு கடைசிக் குதி குதிச்சுச்சு. ஆரத்தித் தண்ணி மொத்தமும் பானெட் மேல. நல்லவேளை, வண்டி சிவப்பு. சம்பந்தியம்மா பட்டுச் சேலைதான் மாம்பழக் கலரு.

சிரிச்சிராதீங்க. சிரிச்சாலும் பரவால்லை, ரோட்டைப் பாத்துச் சிரிங்க.

அதுக்கப்பறம் நடந்ததுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலை. மாப்பிள்ளை எறங்குனாரு. மேடைக்குப் போகோணும், ஐயரு கூப்பிடறாரு. இவரு நேரா சுலோச்சனா நிக்கற எடத்துக்குப் போறாரு. கல்யாணத்துக்குன்னு அவ அந்தப் பட்டையைக் கழட்டிட்டு, காசுமாலை போட்டிருந்தா. காலுல வுழப் போறாருன்னு எல்லாரும் பாத்தோம். வுழலை. ரெண்டு விரலால அவ கழுத்தைத் தொட்டுப் பாத்தாரு. அத்தனை ஒறம்பரை சொந்தபந்தத்துக்கு முன்னாலயுங்க! குனிஞ்சு காதுல ஏதோ கேட்டாரு. இவ கண்ணுல இருந்து தண்ணி வழியுது. பொண்ணைக் குடுக்கற நேரம், எந்தத் தாய்க்கும் அழுகை வரத்தானே செய்யும்னு நான் துண்டை எடுத்துக் குடுத்தேன்.

அப்பறமா வீட்டுக்கு வந்து கேட்டேன், மாப்பிள்ளை என்ன கேட்டாருன்னு. "பாத்ரூம் இல்லீங்களே அத்தை?ன்னு கேட்டாருங்க"ன்னா. "அதுக்கு நீ என்ன சொன்னே?" "நான் ஒண்ணும் சொல்லலீங்க." இதுல அழுகறதுக்கு என்ன இருக்குது சொல்லுங்க. பாத்ரூம்தான் டைல்ஸே மாத்தியாச்சே!

அந்த மாசம் கிருத்திகைக்கு மருதமலை போலாம்னு வண்டியைத் தொடைச்சு வாசல்ல நிறுத்தறேன். கிளட்ச் பிளேட் புதுசு, சீட்டுக்கு மெத்தை புதுசு, எல்லாம் அவளுக்காக. பூக்கூடையோட வெளிய வந்தவ வண்டியைப் பாத்தா. "நீங்க போங்க. நான் பஸ்ல வந்தர்றேன்"னா. வெளையாடறான்னு நெனைச்சேன். அவ பாட்டுக்கு ஸ்டாப்புக்கு நடந்து போயிட்டா.

நானும் விடலை, பஸ்ஸுக்குப் பின்னாடியே போனேன். கூட்டம் நெறையா. அவளுக்கு உக்கார எடம் இல்லை. பின்னால கண்ணாடியில தெரியுது, மேல கம்பியைப் புடிச்சுட்டு நின்னுட்டு வர்றா. எங்கிட்ட உக்காந்து வர்றதுக்குச் சீட்டு இருக்குது, அவ அங்க நின்னுட்டு வர்றா. எனக்கு அழுகை வந்துருச்சுங்க தம்பி. அம்பத்தெட்டு வயசு ஆம்பளை, மேல தொறந்த வண்டியில, நடு ரோட்டுல அழுதுட்டே போறேன். பக்கத்துல ஸ்கூட்டர்ல போறவன் திரும்பித் திரும்பிப் பாக்கறான். மலைக்குப் போயி முருகன்கிட்ட என்ன வேண்டுனேன்னுகூட ஞாபகம் இல்லை. எறங்கி வர்றப்பக் கேட்டேன், "அந்த நெரிசல்ல அப்படி என்ன இருக்குது உனக்கு?" அவ கோபமே இல்லாமச் சொன்னா, "அந்த டிரைவர் நல்லா ஓட்டறாருங்க."

அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் ஏறலை. கெஞ்சிப் பாத்தேன். கோவிச்சுட்டு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்து பாத்தேன். அவ மூணு வேளையும் சோத்தைப் போட்டு முன்னால வெச்சா, வண்டியில மட்டும் ஏறலை. மாப்பிள்ளைகிட்டச் சொல்லி அவகிட்டப் பேசச் சொன்னேன், "வண்டியைக் குடுத்துருங்க மாமா"ன்னு எனக்கே திருப்பிச் சொல்றாரு. வேகம்னா அவருக்குப் பயம் போல. அதனாலதான் விளம்பரம் குடுத்தது.

தம்பி, ஒரு நிமிசம் இருங்க. இப்ப நாம எத்தனாவதுல போறோம்?

நாலா? மூணு எப்பப் போட்டீங்க? ... பஸ்ஸைத் தாண்டறப்பவா? நான் பேசிட்டே இருந்தேன், கவனிக்கலை. சரி, ஒரு காரியம் பண்ணுங்க. கீழ எறக்கி ரெண்டுக்கு வாங்க. வந்து மறுபடி ஒண்ணொண்ணா ஏத்துங்க. நான் பேசாம உக்காந்திருக்கேன்.

...

போட்டாச்சா?

இங்க ரோடு நல்லா இருக்குது. போன மாசந்தான் தார் போட்டாங்க. அந்தா, அந்தத் தென்னந்தோப்புத் தாண்டுனா ரோடு மோசம், அங்க ஒருக்கா மாத்துங்க.

...

புது கிளட்ச் பிளேட்டு, அதனால இருக்கும். ... இல்லை, நானும் அதே பிளேட்டுலதான் மூணு மாசமா ஓட்டறேன்.

இன்னொருக்கா. இன்னும் ஒரே ஒருக்கா.

அப்ப இந்த வண்டி குதிக்காதுங்களா? அதுக்குக் குதிக்கற குணமே கெடையாதா? நேத்து வரைக்கும் குதிச்சுதே தம்பி, கடைக்குப் போயிட்டு வந்தனே. எங்க கத்துக்கிட்டீங்க இப்படி? ... உங்க அப்பா ஆம்புலன்ஸ் டிரைவரா? அவரு என்ன சொல்லிக் குடுத்தாரு? ... என்ன சொன்னீங்க, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. "கியரைப் பாக்காதே, கூட வர்றவங்க தலையைப் பாரு. தலை ஆடுனா உன்ற கால் தப்பு"ன்னாருங்களா. ... அவ்வளவுதானா? அதுக்கு மேல ஒண்ணும் இல்லையா?

நான் சொம்பைத்தான் பாத்தேன் தம்பி. ரெண்டு மாசம், தெனமும், கண்ணு எடுக்காமச் சொம்பை மட்டுந்தான் பாத்துட்டிருந்தேன். அது சிந்தலைன்னதும் எனக்கு வந்துருச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன். வந்தது யாருக்குங்க? அவ கையி ரெண்டும் எனக்கு முன்னாடியே போயிப் போயி... நான் இடிக்கற எடமெல்லாம் தெரிஞ்சு... அவ கழுத்தைப் பாக்கலீங்க நான். பக்கத்துலயேதான் இருந்துச்சு. இதோ, இவ்வளவு கிட்டத்துல.

பாத்ரூமுக்கு டைல்ஸ் மாத்துனேன், பாருங்க. மூணு பாத்ரூமுக்கு.

வண்டியைத் திருப்புங்க. இல்லை, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்கேன். விலையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், நீங்க எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி. வீட்டுக்கு வுடுங்க. இந்த வழியிலயே போலாம். அந்த வளைவுல மூணாவதுக்கு எறக்குவீங்களா? ... எறக்கிட்டீங்களா. சரி. நான் இனி ஒண்ணும் சொல்லலை.

முப்பத்தியொரு வருசமுங்க தம்பி. வண்டி மட்டும்னு நெனைக்கறீங்களா? எத்தனை வருசம் நான் கத்தறதுக்கு முன்னாடியே ஊருக்குக் கேக்காம வாசக் கதவைச் சாத்திட்டு வந்திருப்பா, எத்தனை பேர்கிட்ட நான் எடுத்தெறிஞ்சு பேசுனதுக்கு அவ போயிச் சமாதானம் பேசியிருப்பா. எங்க வீட்டுல சண்டையே வராதுன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். வுடுங்க. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்.

அந்தா, கேட்டுக்குப் பக்கத்துலயே நிக்கறா. செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கா. அங்கயே நிறுத்துங்க, இன்ஜினை ஆப் பண்ண வேண்டாம். நான் எறங்கிக்கறேன்.

சுலோ, அந்தக் குழாயை மூடிட்டு இங்க வா. வா கண்ணு, ஒரே ஒரு ரவுண்டு. அந்த முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பிரலாம். ... எனக்குத் தெரியும், தெரியும். நீ மாட்டேன்னு சொன்னது தெரியும். ... என்ன கேக்கறே? யாரு ஓட்டறாங்கன்னா? ... நான் இல்லை. இந்தத் தம்பிதான்.

பாத்தீங்களா தம்பி, கையைத் தொடைச்சுட்டு வர்றா. ஏறு கண்ணு. பாத்து ஏறு. பெல்ட்டு இந்தப் பக்கம் இருக்குது, நான் மாட்டி விடறேன், இரு. கழுத்துல படாம வெச்சுக்கோ.

எங்களுக்குள்ள அப்பறம் பேசிக்கறோமுங்க. நீங்க கெளம்புங்க, நான் இங்கயே நிக்கறேன். மெதுவாப் போங்க தம்பி. ... இல்லை, மெதுவான்னு இல்லை. நீங்க ஓட்டற மாதிரியே ஓட்டுங்க.